பதிமூன்று நாள் கருணை

2023 டிசம்பர் 4ஆம் தேதி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது மறுநாள், ஆந்திரத்தின் பாபட்லா பக்கத்தில். ஆனால் அது சென்னையை உரசிக்கொண்டு மெல்ல நகர்ந்த இரண்டு நாளில் கொட்டிய மழையே ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லி வட்டாரத்தை மூழ்கடிக்கப் போதுமானதாக இருந்தது. படகில் பால் வந்தது. டிராக்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து பாய், போர்வை, பிஸ்கட், தண்ணீர் பாட்டிலோடு வேன்கள் வந்தன. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை அன்று, குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்கும் பணியை முதலமைச்சர் வேளச்சேரியில் தொடங்கிவைத்தார். அதே ஞாயிறன்று தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. வேன்கள் தெற்கே திரும்பின.

திரும்பியதில் குற்றமில்லை, அங்கேதான் அப்போது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஆனால் 4க்கும் 17க்கும் இடையே எத்தனை நாள்? பதிமூன்று. நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால்கூடப் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சொந்தபந்தம் வந்துபோகும். வெள்ளத்தில் விழுந்த பட்டறைக்கும் வீட்டுக்கும் அவ்வளவு நாள்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போயின. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் புரட்டியது. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கை மலையகத்தைச் சரித்தது. ஒவ்வொரு துயரமும் முந்தையதைச் செய்தித்தாளின் உள்பக்கத்துக்குத் தள்ளி, பிறகு வெளியேயும் தள்ளிவிட்டது. தமிழர்களின் ஈகைக் குணம் வற்றிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. கொடுப்பவரின் காலண்டரும் இழந்தவரின் காலண்டரும் வேறுவேறாக ஓடுவதுதான் சிக்கல்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆர்.வெங்கடராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த 1960களில் உருவானது. அங்கே ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பெரிய கம்பெனிக்கு வேண்டிய புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் கடைந்து தரும் இடம். இரண்டு மூன்று லேத், கடனில் வாங்கிய ஒரு சி.என்.சி. எந்திரம், ஆறேழு பேர். மூன்றடித் தண்ணீர் இரண்டு நாள் நின்று வடிகிறது என்று வையுங்கள். லேத்தின் வார்ப்பிரும்பு உடம்புக்கு ஒன்றும் ஆகாது. சேற்றைக் கழுவி, துரு ஏறும் முன் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பிழைத்துக்கொள்ளும். மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, தேவைப்பட்டால் காயில் மாற்றிக்கொள்ளலாம். சி.என்.சி. அப்படியில்லை. அதன் எலெக்ட்ரானிக் போர்டு, சர்வோ டிரைவ், ஸ்பிண்டில் பேரிங் எதுவும் சாக்கடையும் ஆயிலும் கலந்த தண்ணீரைத் தாங்காது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், பேட்டை முழுக்க அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. போர்டு வர வாரங்கள் ஆகலாம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து போட்டோ எடுத்துப் போவார்; தேய்மானம் கழித்து அவர் எழுதும் தொகைக்கும் புது போர்டின் விலைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். வங்கி கேட்டதற்காக மட்டும் பாலிசி எடுத்தவர்களுக்கு அந்தப் பள்ளம் இன்னும் ஆழம்.

அதற்குள் 5ஆம் தேதி வந்துவிடும், தவணை நாள். ஆர்டர் கொடுத்த கம்பெனியும் ஒரு வாரம் பொறுக்கும், இரண்டு வாரம் பொறுக்கும், பிறகு பூனாவிலோ கோவையிலோ வேறொரு சப்ளையரைப் பிடிக்கும். பட்டறையில் நின்ற ஆறு பேரில் நாலு பேர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். எந்திரம் மறுபடி ஓடும் நாளில் கடைவதற்கு வேலை இருக்காது, கடைய ஆளும் இருக்காது. இந்தக் கணக்கில் பொட்டலச் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. அது தேவைப்பட்ட நாலைந்து நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

இங்கே தண்ணீர் வருவதும் யாரும் எதிர்பாராத அதிசயம் கிடையாது. அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி என்று ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகும்படி முன்னோர் அமைத்த ஏரிச் சங்கிலியின் நடுவில்தான் பேட்டையும் குடியிருப்புகளும் உட்கார்ந்திருக்கின்றன. பூந்தமல்லிக்குத் தெற்கே 24 அடி ஆழத்துக்குத் தண்ணீர் தேக்கும் செம்பரம்பாக்கம். வடக்கே கூவம். ஏரிக்குத் தன் பழைய வழி நினைவிருக்கிறது. 2015இல் வந்தது, 2021இல் வந்தது, 2023இலும் வந்தது. ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் முழுதாக எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. மீட்பு என்பதும் அடுத்த மழைக்குத் தயாராவது என்பதும் இங்கே ஒரே வேலை.

பட்டறையை விட்டு வீட்டுக்கு வருவோம். கொரட்டூரிலோ திருமுல்லைவாயிலிலோ ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெரு. காலையில் இட்லிக் கடை போடும் பெண். அவருடைய மூலதனம் என்பது ஒரு டில்டிங் கிரைண்டர், இரண்டு இட்லிக் குண்டான், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பழைய ஃபிரிட்ஜ். கிரைண்டரில் தண்ணீர் புகுந்தால் கடை நின்றது. கடை நின்றாலும் தண்டல்காரர் நிற்க மாட்டார். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் நிற்காது. அரசு கொடுத்த ஆறாயிரம் கைக்கு வந்ததும் முதலில் போவது அந்தப் பக்கம்தான். மிச்சத்தில் பாய் வாங்கலாம். கிரைண்டர் வாங்க முடியாது. அதற்கு மறுபடி கடன். அந்தக் கடன் அடையும் முன்பே ஜூன் வந்து பள்ளி திறந்துவிடும்.

அந்த ஜூன் மாதத்தில்தான் வெள்ளத்தின் உண்மையான கணக்கு தெரியும். டிசம்பரில் நனைந்த சான்றிதழ்களுக்குப் பதில் வாங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது, நல்ல காரியம். அரையாண்டுத் தேர்வையும் தள்ளிவைத்தது. ஆனால் பிளஸ் டூ படிக்கிற பையன் சேற்றில் போன நோட்டுகளை வைத்துக்கொண்டு மார்ச்சில் எப்படித் தேர்வு எழுதினான், ஜூனில் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டினார்கள், கட்ட முடியாமல் கூரியர் வேலைக்குப் போனானா என்று விசாரிக்க யாரும் வருவதில்லை. பேனர் கட்டிய வேன் ஜூன் மாதத்தில் ஒன்றுகூட வராது.

அரசு உதவவில்லை என்று சொல்ல வரவில்லை. மிக்ஜாமுக்காக ஏறத்தாழ 24 லட்சம் குடும்ப அட்டைகளுக்கு 1,455 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ரேஷன் கடை வழியாக, டோக்கன் போட்டு, ரொக்கமாக அவ்வளவு பேருக்குக் கொடுப்பது எளிய காரியமல்ல. அது முதலுதவி. முதலுதவி செய்த கையோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பழக்கம்தான் இங்கே பேச்சு.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பான பாடம். கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்கள் பல, வெள்ளத்தின் பெயரால் பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைக்கு மேல் காங்கிரீட் கூரை வந்தது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பஸ்ஸுக்கே பாதிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் படகோடும் பாலோடும் அதே ஆற்றங்கரைகளுக்குப் போன ஆயிரக்கணக்கான இளைஞர்களில் எத்தனை பேர் அந்தக் குடும்பங்களைத் தேடிப் பெரும்பாக்கம் போயிருப்பார்கள்?

இதற்கு நேர்மாறான பாடம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. அதையும் நல்லது கெட்டது இரண்டோடும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகமே உதவிக்கு வந்தது. வந்த வேகத்தில் பழைய துணிகள் சாலையோரம் மலைமலையாகக் குவிந்தன. கட்டிக்கொள்ள யாரும் முன்வராத துணிகள். மானத்தோடு வாழ்ந்த மீனவக் குடும்பத்துக்கு இன்னொருவர் உடுத்திக் கழித்த கிழிசலைக் கொடுக்கலாம் என்று நினைத்தது எந்தக் கருணையோ! அடுத்து படகுகள். படகு கொடுத்தால் போட்டோ நன்றாக வரும். படகின் நெற்றியில் கொடுத்தவர் பெயரையும் எழுதலாம். ஆகவே கட்டுமரம் வைத்திருந்தவர்களுக்கும் ஃபைபர் படகு, வைத்திராதவர்களுக்கும் ஃபைபர் படகு. சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் கடலுக்குப் போயின. கடலில் மீன் அதிகமாகவில்லை. மீன் கூடை சுமந்து விற்ற பெண்களும், உப்பு ஏறிய வயலில் கூலி வேலை இழந்த தலித் குடும்பங்களும் பட்டியலின் கடைசியில் நின்றார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா அமைப்பும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தோடு கைகோத்து, சில நாளிலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊரில் யார் என்ன கொடுக்கிறார்கள், எங்கே இரண்டு முறை போகிறது, எங்கே போகவே இல்லை என்று கணக்கு வைக்கும் இடம் அது. படம் பிடிக்க ஒன்றும் இல்லாத வேலை. அவசரம் முடிந்ததும் அது கலைந்துவிடாமல், கடலோர மக்களைப் பேரிடருக்குத் தயார்ப்படுத்தும் நிறுவனமாகவும் பின்னாளில் உருமாறியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா இல்லம் திறக்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன், பதவிகள் மாறி எங்கெங்கோ போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க நாகைக்கு வந்துகொண்டே இருந்தார். அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் கல்யாணம் நடந்தபோது, சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த அவர் பெண் வீட்டார் இடத்தில் நின்றார். சுனாமி நடந்து பதினேழு ஆண்டு கழித்து.

பதினேழு ஆண்டு என்பது அரசு அதிகாரிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ மிகப் பெரிய காலம். தமிழ் மண்ணின் பழைய அறத்துக்கு அது ஒரு கண் சிமிட்டல். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அவர் நெய்க்குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. 90 ஆடு அல்லது 96 ஆடு கொடுத்தார். அவற்றை மன்றாடிகள் பொறுப்பேற்று மேய்த்தார்கள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தார்கள். ஆடு செத்தால் குட்டி இருக்கிறது, கிழடு தட்டினால் மாற்று இருக்கிறது. ஆகவே அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைக் கண்டுபிடித்த சமூகம், வெள்ளம் வந்தால் மட்டும் நெய்க்குடத்தை வைத்துவிட்டு ஓடிவிடுகிறது.

சென்னையின் இந்த மேற்குப் புறநகரிலேயே ஆடு கொடுத்தவர்களும் உண்டு. டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்த அம்பத்தூரில், முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை 1966இல் தொடங்கிய சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை இன்னும் நடக்கிறது. திருவேற்காட்டில் உதவும் கரங்கள். 1983இல் வித்யாகர் ஒரு கைக்குழந்தையை எடுத்து வளர்த்ததில் தொடங்கியது. திருநின்றவூரை அடுத்த கசுவா கிராமத்தில் சேவாலயா. 1988இல் முரளிதரன் சிறு அளவில் ஆரம்பித்தது, இன்று பாரதியார் பெயரில் பள்ளியும் முதியோர் இல்லமுமாக நிற்கிறது. இவை எதுவும் வெள்ள நிவாரணத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஆனால் வெள்ளம் வரும் முன்பே அங்கே இருந்தன, வடிந்த பிறகும் அங்கேயே இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்று தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட அமைப்புகளில்தான் இருப்பார்கள். கோணிப்பையோடு வந்து இறங்குகிற வெளியூர்க் குழு, அதைத் தெரிந்துகொள்வதற்குள் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடும்.

ஆனால் இத்தகைய இல்லங்களை நடத்துபவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒரு வேடிக்கையான புலம்பலைக் கேட்கலாம். ஜனவரி 1ஆம் தேதி மதியம் மூன்று பேர் பிரியாணி கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், தாத்தாவின் திதி எல்லாவற்றுக்கும் சாப்பாடு வரும். பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடைக்காது. கரண்ட் பில்லுக்கு, செப்டிக் டேங்க் லாரிக்கு, கணக்கு எழுதுகிற பெண்ணின் சம்பளத்துக்கு எந்தத் திதியிலும் யாரும் முன்வர மாட்டார்கள். சாப்பாடு போட்டால் புண்ணியம், சம்பளம் கொடுத்தால் வீண்செலவு என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. சட்டமும் அந்த மனப்பான்மையோடு ஒத்துப்போகிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020இல் 20 ஆகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் பெற்ற அந்தப் பணத்தைச் சிறிய உள்ளூர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். முறைகேடுகளைத் தடுக்கத்தான் என்றார்கள். சென்னையின் பெரிய நிறுவனம் ஆவடியின் சிறிய குழுவுக்குக் கைகொடுக்கும் பாதையும் அதோடு அடைபட்டது.

இன்னொரு சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது, யாரும் அதிகம் நுழைவதில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2019இல் அந்தப் பட்டியலில் பேரிடர் நிவாரணம் மட்டுமல்லாமல், மறுவாழ்வும் மறுகட்டுமானமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு பணியைத் தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டுகளுக்கு நீட்டிக்கலாம்; செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டு! அம்பத்தூரிலும் அதைச் சுற்றியும் ஆலை வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு என்ன வேண்டும்? ஆனால் மார்ச் 31க்குள் செலவு செய்து முடித்து அறிக்கையில் படம் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், நிவாரணப் பெட்டி கொடுப்பதே பலருக்கும் எளிதாகத் தெரிகிறது.

உண்மையில் பெரிய நிறுவனங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தருமத்துக்கு இந்த 2 சதவீதம்கூடத் தேவையில்லை. நனைந்த பட்டறைக்குக் கொடுத்த ஆர்டரை மூன்று மாதம் வேறிடத்துக்கு மாற்றாமல் இருந்தால் போதும். ஏற்கெனவே வாங்கிய சரக்குக்கான பில்லை உடனே கொடுத்தால் போதும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 90 நாள், 120 நாள் இழுக்கிற பழக்கம் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நிவாரண மேடையில் காசோலை நீட்டுகிற கையே பட்டறைக்காரரின் பில்லை மேசை டிராயரில் வைத்திருந்தால் அந்தக் காசோலைக்கு என்ன மதிப்பு?

அரசின் கணக்கிலும் நீண்டகாலத்துக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் மாநிலப் பேரிடர் நிதி உடனடி நிவாரணத்துக்கு மட்டுமே. 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்கான பங்கீட்டில் அதை மாற்றியது: மொத்தத்தில் 40 சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 சதவீதம் மறுவாழ்வுக்கும் மறுகட்டுமானத்துக்கும், 10 சதவீதம் முன்தயாரிப்புக்கும், மிச்சம் 20 சதவீதம் பேரிடர்த் தணிப்புக்கும். அந்த 30 சதவீதத்தில் ஆவடி மாநகராட்சிக்கோ பூந்தமல்லி நகராட்சிக்கோ எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை வார்டு வாரியாக ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? ரேஷன் கடை வாசலில் அரிசி இருப்பு எழுதுகிறார்களே, அதுபோல.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். மழைநீர் வடிகால் கட்ட வேண்டியதும் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியதும் அரசு. சென்னை வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தாயிற்று. பொதுமக்கள் ஆண்டுக்கணக்கில் நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்தால் அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடாதா? நழுவும், விட்டால். வடிகாலுக்கு நன்கொடை திரட்டுவது அபத்தம். ஆனால் இட்லிக் கடைக்காரரின் கிரைண்டர் எந்த அரசாணையிலும் வராது. பட்டறைத் தொழிலாளியின் மகனுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும், ஒவ்வொரு மழைக்கும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் கிழவியோடு பேசவும் பொதுப்பணித் துறை வராது. அந்த இடம் நன்கொடையின் இடம். அதே உள்ளூர் அமைப்பு ஆண்டுக்கணக்கில் தெருவில் இருந்தால்தான், வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்க மக்களுக்கும் ஒரு துணை இருக்கும்.

கொடுத்தவர்கள் சலித்துப்போவதற்கும் காரணம் உண்டு. கணக்கு வருவதில்லை. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் திரட்டியது. நிரந்தரமாகக் கட்டிய வீடுகள் ஆறு என்று 2015இல் புரோபப்ளிகா செய்தியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய அமைப்பிலேயே அப்படியென்றால், சாதாரண மனிதர் சந்தேகப்படுவதில் என்ன தவறு? சந்தேகம் தீர ஒரே வழி, ஆண்டு நிறைவில் கணக்கு. மிக்ஜாம் நிதி திரட்டிய ஒவ்வொரு குழுவும், சங்கமும், ரசிகர் மன்றமும் டிசம்பர் 4 அன்று ஒரு பக்க அறிக்கை வெளியிட வேண்டும்: இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு, இவ்வளவு மிச்சம், மிச்சம் எங்கே இருக்கிறது.

ஜப்பானியர்கள் இந்த நீண்டகால உதவியைக் கருணையின் கையில் விடவே இல்லை. 2011 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, வருமான வரியின் மேல் 2.1 சதவீதம் மறுகட்டுமானக் கூடுதல் வரி என்று சட்டம் போட்டார்கள். 2013 ஜனவரியில் தொடங்கியது. எத்தனை ஆண்டுக்கு? இருபத்தைந்து. டோக்கியோவில் அலுவலகம் போகிற ஒருவர், தான் பார்த்தே இராத ஒரு கடற்கரைக் கிராமத்துக்காக ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறார். கண்ணீர் வருகிறதோ இல்லையோ, பணம் போகிறது. ஊர் எழுந்து நிற்க ஒரு தலைமுறை ஆகும் என்பதை வரி அட்டவணையிலேயே எழுதிக்கொண்ட தேசம் அது.

மேற்குப் புறநகருக்கு அவ்வளவு பெரிய சட்டம் வேண்டாம். ஒரு மந்தை போதும். ஏற்கெனவே இயங்கும் மகளிர் குழுக் கூட்டமைப்பிடமோ நம்பகமான ஓர் உள்ளூர் அறக்கட்டளையிடமோ ஒரு சுழல்நிதி. கிரைண்டர் போனவருக்கு வட்டியில்லாக் கடன், வாரம் இருநூறாகத் திரும்பும், திரும்பியது அடுத்த தையல் எந்திரத்துக்குப் போகும். அடுத்த வெள்ளம் வந்தால் பொட்டலத்துக்கு ஓடும் முன், தவணையை மூன்று மாதம் நிறுத்திவைக்க அந்த நிதிக்கு அதிகாரம் இருக்க வேண்டும். தொழிற்பேட்டையின் சங்கங்களும் பட்டறைகளுக்காக இதே மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளலாம்; போர்டு வாங்க முன்பணம், எந்திரத்தை இரண்டடி மேடையில் ஏற்றக் கடன். முதல் அப்படியே இருக்கும், பயன் ஓடிக்கொண்டே இருக்கும். சாவா மூவா ஆட்டைக் கேட்டால் இந்த ஏற்பாட்டைப் புதிது என்று சொல்லாது.

தனி மனிதருக்கு இன்னும் எளிது. அடுத்த புயலின்போது ஆயிரம் ரூபாய் கொடுக்க மனம் வந்தால், நானூறை அன்றே அனுப்பலாம். மீதி அறுநூறை ஜூன் மாதத்துக்கு ஒத்திவைத்து, அதே ஊருக்கு, அதே அமைப்புக்கு அனுப்பலாம். 2023 டிசம்பரில் ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ பூந்தமல்லிக்கோ ஏதேனும் ஓர் அமைப்பு வழியாகப் பணம் அனுப்பியவர்களே, அந்த அமைப்பின் எண் இன்னும் கைபேசியில் இருக்கும்; இன்றைக்கு ஒரு முறை கூப்பிடுங்கள். பிரியாணி வேண்டுமா என்று கேட்க வேண்டாம். இந்த மாதம் கரண்ட் பில் எவ்வளவு என்று கேளுங்கள்.